இந்த வண்டியை ஏன் விக்கிறாங்க?

“நீதான் தினமும் எழுதுறியே பாப்பா, நீயே சொல்லு. வாங்கலாமா, வேணாமா?”

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் தட்டுக்குப் பக்கத்தில் அப்பா செல்போனை வைத்தார். திரையில் வெள்ளை நிறத்தில் ஒரு குட்டி எலெக்ட்ரிக் கார். 14 மாத வண்டி, 11,000 கி.மீ. ஓடியது, ஒரே ஓனர், விலை 7 லட்சத்து 40 ஆயிரம். புதிதாக எடுத்தால் ஆன்ரோடு பத்தரை லட்சத்தைத் தாண்டும். “மூணு லட்சம் மிச்சம்மா. வண்டி புதுசாவே இருக்கு” என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து ‘ஒரே சார்ஜில் 300 கி.மீ.!’ என்று எத்தனையோ தலைப்பு வைத்திருக்கிறேன். ஆனால், அதுவரை ஒரு எலெக்ட்ரிக் காரின் கதவைக்கூட நான் திறந்ததில்லை. அன்றைக்குக் கேட்டது வாசகர் இல்லை, அப்பா. போகப்போவது துறைமுகத்தில் 31 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பணம்.

கார் ஆசை திடீரென வந்ததில்லை. அம்மாவுக்குப் போன வருஷம் முழங்கால் ஆபரேஷன். அதற்குப் பிறகு ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்குவது பெரிய வேலையாகிவிட்டது. கல்மண்டபத்தில் எங்கள் சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்தால் ஆட்டோ கிடைக்கும். ஆனால், அம்மா உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே வைப்பதற்குள் பின்னால் ஹாரன் அலறும். அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கிளட்சை மிதித்து மிதித்து ஓட்டத்தான் இப்போது தெம்பில்லை.

அம்மா சாப்பாடு போட்டுக்கொண்டே ஒன்று சொன்னார்: “வேலூர்ல சார்ஜ் போட்ட வண்டி எரிஞ்சு அப்பனும் பொண்ணும் செத்துப் போனாங்களே, அது ஞாபகம் இருக்கா?” 2022 மார்ச்சில் நடந்தது அது. வீட்டில் சார்ஜில் இருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி இருவரும் இறந்தார்கள். “அது ஸ்கூட்டர்ம்மா, இது கார்” என்று நான் சொன்னது எனக்கே சப்பென்று இருந்தது.

அதனால் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். ஸ்கூட்டர் தீ விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. கார்களுக்கு ஏ.ஐ.எஸ். 038 என்ற தரவிதி. அதன் இரண்டாம் கட்டம் 2023 மார்ச் இறுதியில் அமலுக்கு வந்தது. ஆகவே, பழைய எலெக்ட்ரிக் காரில் நான் பார்த்த முதல் விஷயம் அது தயாரான மாதம். ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கும். அடுத்தது பேட்டரியின் ரகம். எல்.எஃப்.பி. என்ற இரும்பு பாஸ்பேட் ரகம் சூட்டை நன்றாகத் தாங்கும். நம் ஊரில் ஓடும் பல சின்ன எலெக்ட்ரிக் கார்களில் அதுதான் இருக்கிறது. பேட்டரியைக் குளிர்விக்கத் திரவம் ஓடுகிறதா, வெறும் காற்றா என்பதையும் கேட்க வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் 2012 வாக்கிலேயே நிசான் லீஃப் கார்களின் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துபோய், ஓனர்கள் சண்டைக்குப் போனார்கள். அந்த வண்டியில் திரவக் குளிரூட்டல் கிடையாது. சென்னை மே மாதத்தை நினைத்துக்கொண்டேன்.

அப்பா காட்டிய வண்டிக்கு முன்னால் வேறொரு வண்டியைப் போய்ப் பார்த்தோம். யூஸ்டு கார் கடையில் இருந்தது, விலை இன்னும் ஒரு லட்சம் கம்மி. பளபளவென்று இருந்தது. “ஒரே ஓனர் சார், அலுங்காம ஓட்டின வண்டி” என்றார் கடைக்காரர். ஆர்.சி. நகலைப் பார்த்தால் ஓனர் இடத்தில் ஒரு கம்பெனி பெயர். பதிவு கர்நாடகா. பச்சை நம்பர் பிளேட்டில் எழுத்து வெள்ளையாக இருந்தால் சொந்த வண்டி, மஞ்சளாக இருந்தால் வாடகை வண்டி. இதில் வெள்ளைதான் இருந்தது. ஆனால், ஓரத்தில் பழைய மஞ்சள் எட்டிப் பார்த்தது. இரண்டு வருஷம்கூட ஆகாத வண்டி 71,000 கி.மீ. ஓடியிருந்தது.

வாடகைக்கு ஓடியதாலேயே வண்டி கெட்டது என்று ஆகிவிடாது. ஆனால், அப்படி ஓடுகிற கார் பெரும்பாலும் ஃபாஸ்ட் சார்ஜரில்தான் உயிர் வாழும், அதுவும் நாளுக்கு ஒன்றிரண்டு முறை. இன்னொரு சிக்கல் கடன். 2025 ஏப்ரலில் ஜென்சால் நிறுவனத்தின் மீது செபி உத்தரவு போட்டதும், அதன் கார்களை ஓட்டிவந்த ப்ளூஸ்மார்ட் டாக்ஸி சேவை டெல்லியிலும் பெங்களூருவிலும் சட்டென்று நின்றது நினைவிருக்கலாம். அந்த உத்தரவின்படி 6,400 கார் வாங்கக் கடன் வாங்கிய நிறுவனம் உண்மையில் வாங்கியது 4,704. இப்படி ஒரு நிறுவனம் படுத்துவிட்டால் அதன் வண்டிகள் ஒருநாள் நம் மாதிரி ஆட்களிடம்தான் வந்து சேரும். அமெரிக்காவிலும் ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் நிறுவனம் 2024 ஜனவரியில் 20,000 எலெக்ட்ரிக் கார்களை விற்கப் போவதாக அறிவித்தது. நாங்கள் பார்த்த வண்டி எங்கிருந்து வந்ததோ, கடைக்காரர் சொல்லவில்லை. ஏன் விற்றார்கள் என்று அப்பா மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஏசி எவ்வளவு ஜில்லென்று இருக்கிறது என்றுதான் பதில் வந்தது. கிளம்பிவிட்டோம்.

வெள்ளை வண்டி பெரம்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நின்றது. ஓனர்கள் இளம் தம்பதி. ஹைதராபாத்துக்கு மாற்றல் என்றார்கள். என்னோடு எங்கள் பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணனும் வந்திருந்தார். நான் அவர்களோடு பேசிக்கொண்டிருக்க, அப்பாவைக் காணவில்லை. வாட்ச்மேனோடு கேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து காதில் சொன்னார்: “மாத்தல் எல்லாம் அப்புறம்தான் பாப்பா. கீழ பொது மீட்டர்ல சார்ஜ் போடுறாங்கன்னு அசோசியேஷன்ல பெரிய தகராறு. ப்ளக்கையே புடுங்கிட்டாங்களாம். நாலு மாசமா வெளியில போய்தான் சார்ஜ் போடுறாங்களாம்.”

எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. விற்கிற காரணம் வண்டிக்குள் இல்லை, அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறது. அதே காரணம் எங்கள் வீட்டிலும் இருக்குமோ என்று அப்போது தோன்றவில்லை.

மெக்கானிக் அண்ணன் கொஞ்சம் தடுமாறினார். “பெட்ரோல் வண்டின்னா சவுண்ட கேட்டே சொல்லிடுவேன்ணே. இது வாயே தெறக்க மாட்டேங்குது” என்று அப்பாவிடம் சொன்னார். ஆனால், அவருக்குத் தெரிந்ததை விடவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்த்தார். மிதியடியைத் தூக்கி முகர்ந்தார். டிக்கியின் அடியில் விரலை விட்டு மண் எடுத்துப் பார்த்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் தண்ணீரில் நின்ற கார்களை அவர் எத்தனையோ துடைத்திருக்கிறார். எலெக்ட்ரிக் கார் பேட்டரிக்கு ஐ.பி. 67 என்று போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்த தரம் அது. எங்கள் பக்கம் தண்ணீர் அரை மணியில் வடிந்ததாக யாராவது சொல்லட்டும், பார்க்கலாம்.

பிறகு தரையில் படுத்து, டார்ச் அடித்து, பேட்டரிப் பெட்டியைத் தாங்கும் போல்ட்டுகளைப் பார்த்தார். சார்ஜ் போடும் துளையில் பச்சைப் பூத்திருக்கிறதா என்றும் பார்த்தார். காசிமேட்டுக் காற்றில் சைக்கிள் செயினே ஒரு வருஷம் தாங்காது; அந்தப் பழக்கம். ஆரஞ்சு நிற வயர்கள் பக்கம் மட்டும் கையை நீட்டவில்லை. அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. “அது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல” என்றார்.

பேட்டரியின் ஆரோக்கியத்தைச் சர்வீஸ் சென்டரில் சதவீதமாகச் சொல்வார்கள். நான் வீட்டுக் கணக்காக ஒன்று போட்டேன். வண்டியின் பேட்டரி 24 யூனிட், அதாவது 24 கிலோவாட் மணி. அவர்களிடம் முந்தின இரவே 100 சதவீதம் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லியிருந்தேன். எல்.எஃப்.பி. பேட்டரியில் பாதியில் நிற்கும் சதவீதத்தை நம்ப முடியாது. முழுதாக ஏற்றினால்தான் மீட்டர் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். ஓனரும் பின் சீட்டில் வந்தார். கல்மண்டபம் வழியாகக் காசிமேடு, எண்ணூர் விரைவுச் சாலை, திருவொற்றியூர், அங்கிருந்து பொன்னேரி போகும் டி.பி.பி. சாலையில் மீஞ்சூர், திரும்பவும் அதே வழி. வேண்டுமென்றேதான் அந்த ரோடு. நாங்கள் ஓட்டப்போவது அதில்தான், ஈ.சி.ஆரில் இல்லை.

எர்ணாவூர் அருகே லாரி வரிசையில் 20 நிமிஷம் நின்றோம். ஏசி ஓடியது. அப்பாவின் இடது கால் சும்மா இருந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

திரும்பி வந்தபோது 58 கி.மீ. ஓடியிருந்தது, சார்ஜ் 71 சதவீதம். ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 115 வாட் மணி என்று திரை காட்டியது. 58-ஐ 115-ஆல் பெருக்கினால் 6.67 யூனிட். இது பேட்டரியின் 29 சதவீதம் என்றால், முழு பேட்டரி 23 யூனிட். 24-க்கு 23. ஏறத்தாழ 96 சதவீதம். துல்லியமான சோதனை இல்லைதான். 85 வந்திருந்தால் யோசிக்க வேண்டும், 96-க்குப் பயப்பட வேண்டாம். அதே கணக்குப்படி முழு சார்ஜில் இந்த ரோட்டில் 200 கி.மீ. போகும். சான்றிதழில் 300-க்கு மேல் போட்டிருப்பார்கள். நான் தலைப்பில் வைத்த 300 அதுதான்.

அடுத்து விலை. ஓனர் தான் வாங்கிய பில்லைக் காட்டி, “இவ்வளவு குறைச்சுத் தர்றோம்” என்றார். பழைய எலெக்ட்ரிக் காருக்கு அந்த பில் உதவாது. பேட்டரி விலை இறங்க இறங்கப் புது வண்டியின் விலையும் இறங்குகிறது. 2024 பிப்ரவரியில் டாடா நிறுவனம் டியாகோ இ.வி.யை 70,000 ரூபாய் வரையும், நெக்ஸான் இ.வி.யை 1 லட்சத்து 20 ஆயிரம் வரையும் குறைத்தது. அதற்கு முந்தின மாதம் வாங்கியவரின் பில்லை வைத்துப் பேரம் பேசினால் நமக்குத்தான் நஷ்டம். இன்றைக்கு ஷோரூமில் என்ன விலை, அதில் என்ன தள்ளுபடி என்பதிலிருந்து தொடங்க வேண்டும். புது எலெக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பழையதைக் கடையில் வாங்கினால் கடைக்காரர் தன் லாபத்தின் மீது 18 சதவீதம் கட்டியாக வேண்டும், அதை நம் தலையில்தான் ஏற்றுவார். ஆள் ஆளிடம் வாங்கினால் அது இல்லை. பேசிப் பேசி 7 லட்சத்து 10 ஆயிரத்தில் நின்றது.

அன்றிரவு நான் இன்னொரு கணக்குப் போட்டேன். அதுதான் வீட்டில் பெரிய சண்டையானது.

நாங்கள் மாதம் எவ்வளவு ஓட்டுவோம்? அம்மாவின் பிசியோதெரபி, வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் வடிவுடையம்மன், பட்டாபிராமில் பெரியம்மா வீடு, மழையில் என்னை மெட்ரோவில் விடுவது. எப்படிக் கூட்டினாலும் 300 கி.மீ. தாண்டவில்லை. இரண்டு மாத மின் பில்லில் 78 யூனிட் சேரும். குளிர்காலத்தில் எங்களுக்கு 340 யூனிட் ஆகும். அதோடு 78 சேர்ந்தால் 400 ரூபாய் கூடும். கோடையில் ஏசி ஓடி 450 ஆகும்போதுதான் வினை. 500-ஐத் தாண்டினால் மேலே போகிற யூனிட்டுக்கு 8 ரூபாய் 55 காசு. கீழே கிடைத்துவந்த சலுகையும் கொஞ்சம் போய்விடும். ஆக 800 ரூபாய் கூடும். அதே தூரத்துக்குப் பெட்ரோல் என்றால் 4,000 ரூபாய். வருஷத்துக்கு மிச்சம் 20,000 ரூபாய்.

ஆனால், இதே வயதுப் பெட்ரோல் கார் ஒன்றரை லட்சம் குறைவாகவே கிடைக்கிறது. 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனதில் புதிய காரே இறங்கிவிட்டது. ஒன்றரை லட்சத்தை 20,000-ஆல் மீட்க ஏழரை வருஷம். இந்த வண்டியின் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி, 14 மாதம் ஓடிவிட்டதால் மீதி 6 வருஷம் 10 மாதம். போட்ட காசு திரும்புவதற்குள் வாரண்டி முடிந்துவிடும்.

“அப்போ வேணாம்னு சொல்றியா?” என்றார் அப்பா.

“மிச்சம் பண்றதுக்காக வாங்குறதுன்னா வேணாம்ப்பா.”

“மிச்சம் பண்ணவா கேட்டேன்? கிளட்ச் இல்லாம ஓட்டணும்னு கேட்டேன்.” குரல் உயர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, “உங்கம்மா முன்னாடி சீட்ல உக்காந்து காலை நீட்டிக்கிட்டு வரணும். அவ்ளோதான்” என்றார்.

டெஸ்க்கில் இப்படி ஒரு வரி யாரும் எழுதித் தருவதில்லை. தினம் ஐம்பது கி.மீ. ஓடுகிறவர்களுக்கு எலெக்ட்ரிக்கில் காசு மிஞ்சும். எங்கள் வீட்டுக்கு இது சௌகரியச் செலவு. அதைச் செலவு என்றே ஒப்புக்கொண்ட பிறகு சண்டை ஓய்ந்தது.

காகிதங்களில் இரண்டு மூன்று பொறிகள் இருக்கின்றன. சில கார்களுக்குப் பேட்டரியில் ‘ஆயுள் வாரண்டி’ என்று விளம்பரம் வரும், எம்.ஜி. விண்ட்சர் அப்படித்தான். அது முதல் ஓனருக்கு மட்டும். அதே விண்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது பேட்டரி இல்லாத விலை 9 லட்சத்து 99 ஆயிரம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 50 காசு வாடகை என்றும் விற்றார்கள். பழைய கார் விளம்பரத்தில் விலை ஆச்சரியமாகக் குறைந்திருந்தால், பேட்டரி யாருடையது என்று முதலில் கேளுங்கள். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் கடன் இருப்பது தெரியும். எங்கள் வண்டிக்கும் வங்கிக் கடன் இருந்தது. கடன் முடிந்தது என்று வங்கி தரும் ஃபார்ம் 35 கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம் என்று சொல்லி, 25,000 அட்வான்ஸ் கொடுத்தோம். வண்டியோடு இணைந்த செல்போன் ஆப்பை அவர்கள் கணக்கிலிருந்து நீக்கித் தரவும் கேட்டிருக்கிறோம். இல்லாவிட்டால் நாங்கள் வெள்ளிக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போகிறோம் என்பதை அவர்கள் ஹைதராபாத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அட்வான்ஸ் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க வண்டியை எங்கள் வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னார் அப்பா. வாசலில் இரண்டு பைக்கையும் நீல நிறத் தண்ணீர் டிரம்மையும் நகர்த்தி இடம் செய்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. வண்டியோடு வந்த சார்ஜரை எங்கள் 15 ஆம்பியர் ப்ளக்கில் மாட்டினோம்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கழற்றி மாட்டினோம். மறுபடியும் சிவப்பு. அம்மா, “நான் அப்பவே சொன்னேன்” என்பதைச் சொல்லாமல் நின்றார். ஓனருக்கு முகம் வெளிறிவிட்டது.

எலெக்ட்ரீஷியன் வந்தார். ப்ளக்கில் விளக்கு வைத்துச் சோதித்தார். பிறகு மீட்டர் பெட்டியிலிருந்து இறங்கும் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அது சுவர் ஓரமாகப் போய், குழாயடியில் பழைய இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தது. தாத்தா காலத்தில் அப்படித்தான் எர்த் கொடுப்பார்களாம். அந்த இரும்புக் குழாயை மண்ணுக்கு அடியில் எப்போதோ பிளாஸ்டிக்காக மாற்றியிருக்கிறார்கள். மேலே தெரியும் இரண்டடி மட்டும் இரும்பு. “உங்க வூட்டுக்கு எர்த்தே கெடையாது சார்” என்றார்.

வண்டியில் குறையே இல்லை. எர்த் இல்லாத ப்ளக்கில் மின்சாரம் எடுக்க மாட்டேன் என்று சார்ஜர் அடம்பிடித்தது, அதன் வேலையே அதுதான். பத்து வருஷமாக வாஷிங் மெஷினைத் தொட்டால் சுரீரென்று அடிக்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். ரப்பர் செருப்பு போட்டுக்கொள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மறுநாளே வாசலில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, குழாய் இறக்கிப் புது எர்த் போட்டாயிற்று. மீட்டரிலிருந்து காருக்கென்று தனி லைனும், அதற்கு ஒரு ட்ரிப்பரும். மொத்தம் 11,000 ரூபாய்.

ஃபார்ம் 35 இன்னும் வங்கியிலிருந்து வரவில்லை. அப்பா தினமும் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலை அளக்கிறார். கதவு திறந்தால் அம்மா கால் வைத்து இறங்க எவ்வளவு இடம் இருக்கும் என்று. டிரம்மை எங்கே வைப்பது என்பதில் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அம்மா நேற்று வெறும் காலோடு நின்று துணி துவைத்தார்.